ஷெட்யூலிங்: அட்டவணையிடலா, முறைவைப்பா?

ஐயா, வணக்கம்.

ஷெட்யூலிங் (scheduling) என்ற சொல்லுக்குத் தமிழில் 'அட்டவணையிடல்' போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒப்பவில்லை. அட்டவணை என்பது பேருந்து நிலையத்தில் மாட்டியிருக்கிற பலகை. முடிவெல்லாம் எடுத்த பிறகு எழுதி வைப்பது. நாம் பெயர் தேடுவதோ, எது முதலில், எது அடுத்து என்ற அந்த முடிவை எடுக்கிற வேலைக்கு.

2024 ஃபெஞ்சல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அதையே எடுத்துக்கொள்வோம். இருப்பது ஒரே ஜேசிபி என்று வையுங்கள். ஓரிடத்தில் மண்ணை அள்ள 6 மணி நேரம். அந்த வழியை நம்பி 600 பேர். இன்னோரிடத்தில் 2 மணி நேரம், 400 பேர். ஆள் அதிகம் உள்ள பக்கம் முதலில் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் எல்லோரும் காத்திருக்கும் நேரம் கூட்டினால் 6,800 மணி. மாற்றிச் செய்தால் 5,600. ஆள் கணக்கை வேலை நேரத்தால் வகு, ஈவு பெரிதாக வருவதை முதலில் முடி. 1956-இல் ஸ்மித் என்ற ஆய்வாளர் காட்டிய விதி இது.

ஆனால் மலையில் அது அப்படியே செல்லாது. கீழ் வளைவு அடைபட்டிருந்தால் மேல் வளைவுக்கு வண்டி எப்படிப் போகும்? ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியாகச் சுற்றி மேலிருந்து இறங்கினால் கணக்கே வேறு. இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவுகளில் பத்து சரிந்தால், எதன்பின் எது என்று அடுக்கவே 36 லட்சத்துக்கு மேல் வழிகள். இந்தத் திண்டாட்டம் 'அட்டவணை'யில் எங்கே தெரிகிறது?

மேட்டூர் பக்கம் வாய்க்கால் மேட்டில் மண்வெட்டியோடு நிற்பவர் கேட்பது, "இன்னைக்கு யாரு முறை?" தண்ணீர் குறைந்தால் முறைவைத்து விடுகிறார்கள், செய்தித்தாளிலும் அப்படித்தான் வருகிறது. இருப்பது கொஞ்சம், கேட்பவர் பலர், யாருக்கு முதலில்? ஷெட்யூலிங் இதுதானே! எனவே 'முறைவைப்பு'. சாலைப் பழுதுகளை எந்த வரிசையில் நீக்குவது நல்லது என்று பார்ப்பதற்கு, 'உகந்த பழுதுநீக்க முறைவைப்பு'.

பாசனத்தில் முறை சுற்றிச் சுற்றி வரும், சாலைப் பழுது ஒரு தடவையோடு முடிந்துவிடும் என்று நீங்கள் சொல்லக்கூடும். சரிதான். ஆனால் கணினியின் இயங்குதளமும் (operating system) நிரல்களுக்குச் சுழற்சியாக நேரம் பங்கிடுகிறது, அதுவும் ஷெட்யூலிங்தான். இரண்டுக்கும் இந்தச் சொல் தாங்கும்.

எனக்கே இடிப்பது ஒன்று உண்டு. இந்த வேலையைச் செய்கிற நிரலான ஷெட்யூலருக்கு 'முறைவைப்பி' என்றால் காது கூசுகிறது. 'முறையாளர்' என்றால் ஆள் போலத் தொனிக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா, ஐயா?