பனியில் விளையும் பூண்டு நம்ம ஊரில் வருமா?

சுங்கை சிப்புட்காரன்:
கனடாவில் இருக்கும் தங்கச்சி அக்டோபரில் பூண்டுப் பல்லை ஊன்றி மேலே வைக்கோலைப் பரப்பிவிடுகிறாள், அப்புறம் மாசக்கணக்கில் பனி மூடிக் கிடக்கிறது, ஜூலையில் பார்த்தால் பெரிய பெரிய பூண்டாகப் பிடுங்கிப் படம் அனுப்புகிறாள். நான் இங்கே மலேசியாவில் பாசாரில் வாங்கிய பூண்டை வீட்டுக்குப் பின்னால் நட்டேன். இலை நன்றாக வந்தது, தோண்டினால் பல்லே பிரியாமல் சின்ன உருண்டையாக ஒன்று. பழைய ரப்பர் தோட்டத்து மண், உரம் போதவில்லையா?

ஒன்டாரியோ அக்கா:
உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை தம்பி. பத்து டிகிரிக்குக் கீழே ஆறு எட்டு வாரம் குளிர் பட்டால்தான் பூண்டில் பல் பிரியும், அப்புறம் பகல் நீள நீளப் பருக்கும். இங்கே மண் உறைய நாலைந்து வாரம் இருக்கும்போதே நட்டுவிடுவோம், வேர் பிடிக்க வேண்டும், முளை ரொம்ப வெளியே வரக்கூடாது, அதுதான் கணக்கு. கூர்முனை மேலே, இரண்டு அங்குல ஆழம், ஆறு அங்குல இடைவெளி. வைக்கோல் எதற்கு என்றால், மண் உறைந்து உருகி மறுபடி உறையும்போது பல்லை மேலே தள்ளிவிடும், அதைத் தடுக்க. பனி அதற்கு மேல் கம்பளி மாதிரி, நல்லதுதான். கீழ் இலைகள் காய ஆரம்பித்ததும் பிடுங்குவோம். வெங்காயத்தை மட்டும் நான் வசந்தத்தில்தான் நடுவேன், குளிர் பட்ட வெங்காயம் பருக்காமல் பூத்துத் தொலைக்கும்.

சுங்கை சிப்புட்காரன்:
அப்போ கேமரன் மலையில் வருமா அக்கா?

தானா ராத்தா:
நான் சொல்கிறேன் அண்ணே. கேமரன் மலையில் எங்கள் தானா ராத்தா ஊரில் ராத்திரி 15 டிகிரி வாக்கில் நிற்கும், நாம் ஸ்வெட்டர் போடப் போதும், பூண்டுக்குப் போதாது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு 2,000 மீட்டர் உயரத்து வாக்கில் விளைகிறது, தானா ராத்தா 1,400 சொச்சம்தான். வேண்டுமானால் முழுப் பூண்டைக் காகிதப் பையில் போட்டு பிரிட்ஜில் இரண்டு மாதம் வைத்து நட்டுப் பாருங்கள், பிரீசரில் வேண்டாம். ஆனால் நம் நாட்டில் வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரம்தான், அதனால் பூண்டு சின்னதாகத்தான் வரும், ரொம்ப எதிர்பார்க்காதீர்கள்.

பீடோர் பாட்டாளி:
எதற்கு இந்த வம்பு? சின்ன வெங்காயம் நடுங்கள், அதற்கு 12 மணி நேரப் பகல் போதும், இரண்டு மாதம் சொச்சத்தில் எடுத்துவிடலாம். பாத்தியை உயர்த்திப் போடுங்கள், நம்ம மழைக்குத் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். பூண்டு நட்ட இடத்தையும் கொத்திவிட வேண்டாம், அந்தப் பூண்டு இலையை நறுக்கி முட்டையில் போட்டுப் பொரித்தால் சோற்றுக்குத் தனியாகக் குழம்பே வேண்டாம்.