மட்ரிக் பூகோளம்: வரைபடத்தில் மார்க் எங்கே கசிகிறது?

லெனேசியா அம்மா
தென்னாப்பிரிக்காவின் மட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்புப் பூகோளத்தில் இரண்டு கேள்வித்தாள், தலா 150 மார்க், மூன்று மணி நேரம். இரண்டிலும் மூன்றாம் கேள்வி வரைபடம், தலா 30. ஆக 300இல் 60. காலநிலையும் ஆற்று நிலவடிவமும் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகள்கூட இதில்தான் கோட்டை விடுகிறார்கள். திருத்துகிறவர்களும் பாடம் எடுக்கிறவர்களும் பார்த்ததை எழுதுங்கள். "நன்றாகப் பயிற்சி செய்" மாதிரி அறிவுரை வேண்டாம். எந்த வரியில் தப்பு நுழைகிறது என்று சொல்லுங்கள்.

வெருலம் வாத்தியார்
முதல் இடம் காந்தத் திசைக்கோணத்துக்கு, அதாவது காந்த ஊசி காட்டும் வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளக்கும் கோணத்துக்கு. தென்னாப்பிரிக்காவில் காந்த ஊசி உண்மை வடக்குக்கு மேற்கே விலகி நிற்கிறது. எவ்வளவு விலகல், எந்த ஆண்டில் அளந்தது, வருடத்துக்கு எத்தனை நிமிடம் மாறுகிறது, மூன்றும் வரைபட ஓரத்தில் இருக்கும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 2012இல் விலகல் 24°10' மேற்கு, ஆண்டு மாற்றம் 6' மேற்காக, 2024க்கு வேண்டும்.

ஆண்டு வித்தியாசம் 12. பன்னிரண்டை ஆறால் பெருக்கினால் 72', அதாவது 1°12'. மாற்றமும் மேற்காகவே போவதால் கூட்டு: 25°22'. உண்மை வடக்கிலிருந்து அளந்த திசைக்கோணம் 118° என்றால், இந்த விலகலைக் கூட்ட, காந்தத் திசைக்கோணம் 143°22'.

விடைத்தாளில் வருவது வேறு. 72 நிமிடத்தை 0,72 பாகை என்று கால்குலேட்டரில் போட்டுவிடுவார்கள். அல்லது 24°82' என்று எழுதி அப்படியே விட்டுவிடுவார்கள். 60க்கு மேல் போனால் ஒரு பாகையாக மாற்ற வேண்டும் என்பது மறந்துபோகும். மாற்றம் "கிழக்காக" என்று இருந்தால்தான் கழிக்க வேண்டும். அதைப் பார்க்காமல் எல்லா வருடமும் ஒரே மாதிரி கூட்டுகிறவர்களும் உண்டு.

கோணமானியை வைக்கும் இடமும் முக்கியம். "5இலிருந்து 6க்கு" என்றால் நடுப்புள்ளி 5இன் மேல் இருக்க வேண்டும். மாற்றி வைத்தால் விடை சரியாக 180° தள்ளிப் போகும். இன்னொன்று: படிகளுக்குத் தனி மார்க் உண்டு. விடையை மட்டும் எழுதி அது தப்பானால் கையில் ஒன்றுமில்லை.

ஃபீனிக்ஸ் அக்கா
வாத்தியார் அண்ணா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் என் கணக்கில் முதல் இடம் சாய்வுக்குத்தான். உயர வித்தியாசத்தைக் கிடைத்தூரத்தால் வகுக்க வேண்டும், இரண்டும் மீட்டரில். 532இலிருந்து 412 போனால் 120 மீ. வரைபடத்தில் தூரம் 4,8 செ.மீ. டோப்போ (நில அமைப்பு வரைபடம்) 1:50 000, ஆகவே 1 செ.மீ. என்பது 500 மீ., தூரம் 2 400 மீ. விடை 1:20. விகிதத்துக்கு அலகு கிடையாது, "1:20 மீ." என்று எழுதக்கூடாது.

அதே 4,8ஐ ஆர்த்தோஃபோட்டோவில் (மேலிருந்து எடுத்த படத்தாலான 1:10 000 வரைபடம்) அளந்தால் 1 செ.மீ. என்பது 100 மீ.தான். இரண்டு வரைபடமும் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது எதில் அளந்தோம் என்பது கலந்துவிடுகிறது. 4,8ஐ 100ஆல் பெருக்கினால் 480 மீ., சாய்வு 1:4. சாலைக்கு 1:4 என்று வந்தால் அளவை மாறிவிட்டது என்று உடனே சந்தேகப்பட வேண்டும். அவ்வளவு செங்குத்தில் கார் திணறும். சமவுயரக் கோட்டு இடைவெளியும் மாறும்: டோப்போவில் 20 மீ., ஆர்த்தோவில் 5 மீ.

பரப்பளவில் இன்னொரு பொறி. நீளத்தையும் அகலத்தையும் தனித்தனியாக கி.மீ. ஆக்கிவிட்டுப் பெருக்குங்கள். 4,2 செ.மீ. × 3 செ.மீ. என்பது 2,1 × 1,5 = 3,15 ச.கி.மீ. முதலில் செ.மீ.யைப் பெருக்கி 12,6 எடுத்து, பிறகு 0,5ஆல் பெருக்கினால் 6,3 வரும், இரண்டு மடங்கு. 0,25ஆல்தான் பெருக்க வேண்டும்.

சமவுயரக்கோடு
வரைபடத் தாளின் எண்ணைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சும்மா கிடைக்கிற மார்க் அது. டர்பன் நகர மையம் இருப்பது 2931CC. 29° தெற்கு, 31° கிழக்கு. அந்த ஒரு பாகைச் சதுரத்தை நான்காகப் பிரித்து A, B, C, D. ஒவ்வொன்றையும் மறுபடி நான்காக. C தென்மேற்கு மூலை, அதற்குள் இன்னொரு C. தாள் ஒன்றுக்கு 15' × 15'. சாட்ஸ்வொர்த் 31° கோட்டுக்கு மேற்கே இருப்பதால் 2930DDக்குப் போய்விடும். பக்கத்துத் தாள் எண்ணைக் கேட்டால் சதுரத்தை ஓரத்தில் வரைந்து பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம்.

இடக்குறிப்பு எழுதும்போது அட்சரேகை நிமிடம் கீழ்நோக்கிக் கூடும், நாம் தெற்கு அரைக்கோளத்தில் இருக்கிறோம். ஒரு நிமிடக் கட்டம் சதுரம் அல்ல: டோப்போவில் உயரம் சுமார் 3,7 செ.மீ., டர்பன் அட்சத்தில் அகலம் சுமார் 3,2 செ.மீ. அதனால் ஒரே அளவை இரண்டுக்கும் வைத்துப் பத்தாகப் பிரித்தால் தசமம் தப்பும்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு மூன்று தடயம். சமவுயரக் கோட்டின் V முனை மேலோட்டத்தை நோக்கும். கிளையாறு சேரும் கூர்கோணம் கீழோட்டத்தை நோக்கும். அணையில் தடித்த கோடாகத் தெரியும் சுவர் கீழோட்டப் பக்கம் இருக்கும். ஒன்றைச் சொல்லி மற்றதால் சரிபார்த்தால் போதும்.

கடற்காற்று
முதல் கேள்வித்தாளில் வரும் வானிலை வரைபடம் பற்றி இரண்டு வார்த்தை. வீட்டில் தமிழ்நாட்டுப் பாடநூலோ இந்திய வீடியோவோ பார்க்கும் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் உண்டு. அங்கே தாழ்வழுத்தம் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும். இங்கே கடிகாரச் சுற்று. குளிர் முகப்புக்கு (முன்னேறி வரும் குளிர்காற்றின் விளிம்பு) முன்னால் வடமேற்குக் காற்று, கடந்ததும் தென்மேற்குக் காற்று, வெப்பம் சரியும், அழுத்தம் ஏறும். வானிலை நிலையக் குறியில் தண்டு நீளும் பக்கம்தான் காற்று வரும் திசை. தண்டில் முழு இறகு 10 நாட் (மணிக்கு 10 கடல்மைல்), அரை இறகு 5.

பெர்க் காற்றுக்கு "வெயிலில் சூடாகிறது" என்று எழுதினால் மார்க் கிடையாது. குளிர்காலத்தில் உள்நாட்டு உயர் அழுத்தத்திலிருந்து கரையோரத் தாழ்வழுத்தத்தை நோக்கிக் காற்று பீடபூமியிலிருந்து இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கி, 100 மீட்டருக்கு 1°C வீதம் சூடாகிறது. 1 500 மீ. இறங்கினால் 15°C. ஜூலையில் டர்பன் திடீரென்று வேகுவது இதனால்தான்.

லெனேசியா அம்மா
எட்டு வரிப் பத்திக் கேள்வி, சார்?

வெருலம் வாத்தியார்
8 மார்க் என்றால் நான்கு கருத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் 400க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று பாதிப் பக்கம் உருக்கமாக எழுதுவார்கள். கேள்வி "நகரமயம் வெள்ளத்தை எப்படிக் கூட்டுகிறது" என்றால் அதற்கு மார்க் இல்லை. சிமெண்ட், தார்ப் பரப்பு நீரை உறிஞ்சாது, ஓட்டம் கூடும், வடிகால் நீரை விரைவாக ஆற்றில் சேர்க்கும், மழை உச்சத்துக்கும் ஆற்று உச்சத்துக்கும் இடைவெளி குறையும். காரணத்தோடு விளைவையும் சேர்த்து எழுதினால்தான் இரண்டு மார்க்.

சமவுயரக்கோடு
ஆர்த்தோவில் "காலையா மாலையா" கேட்டால்: டர்பனில் நண்பகல் வெயில் எப்போதும் வடக்கிலிருந்துதான், ஆகவே அப்போது நிழல் தெற்கே. நிழல் தென்மேற்கே சாய்ந்தால் காலை, தென்கிழக்கே என்றால் மாலை. ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) கேள்விக்கும் படத்தைப் பார்க்கும் இதே பழக்கம்: இடைவெளிப் பட்டை (buffer) ஏன் என்று கேட்டால் "மாசைத் தடுக்க" என்று பொதுவாக எழுதாமல், கொடுத்த கட்டத்தில் எந்த ஆறு, எந்தக் குடியிருப்பு என்று பார்த்து எழுதுங்கள்.