ஜப்பான் டேப் ரெக்கார்டர்: பின்மூடியில் இரண்டு ஸ்க்ரூ மழுங்கிவிட்டது, எந்த டிரைவர் வாங்க வேண்டும்?

கேட்பவர், காரிமங்கலம்

வணக்கம். அப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த டேப் ரெக்கார்டர் வீட்டில் இருக்கிறது. ரேடியோ நன்றாகப் பாடுகிறது. கேசட் போட்டால் மோட்டார் சத்தம் மட்டும்தான், சக்கரம் சுற்றவில்லை. சக்கரத்தைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் போயிருக்கும் என்று திறக்கப் பார்த்தேன். பின்மூடியில் ஆறு ஸ்க்ரூ, எல்லாம் சுண்டுவிரல்கூட நுழையாத ஆழக் குழிக்குள். வாரச்சந்தையில் 150 ரூபாய்க்கு வாங்கிய பிட் செட்டின் பிடி குழிக்குள் இறங்கவே இல்லை. வீட்டிலிருந்த ப்ளஸ் டிரைவரால் நான்கைக் கழற்றிவிட்டேன். மீதி இரண்டும் கிரக் கிரக் என்று வழுக்கித் தலை மழுங்கிவிட்டது. தருமபுரியில் ஒரு கடையில் கேட்டதற்கு, "இதையெல்லாம் இப்போ யாரு சார் பாக்கறாங்க" என்றார்கள். இன்னும் அழுத்தித் திருகலாமா, வேறு டிரைவர் வேண்டுமா?

பதில், பென்னாகரம்

திருகுவதை உடனே நிறுத்துங்கள் சார். ஒவ்வொரு சுற்றுக்கும் தலை தேய்ந்துகொண்டே போகும். பழைய சைக்கிள் டியூபில் சிறு துண்டு வெட்டி ஸ்க்ரூ மேல் வைத்து, அதன்மேல் டிரைவரை நன்றாக அழுத்தித் திருப்பிப் பாருங்கள். அப்புறம் முனையில் காந்தம் உள்ள நீள டிரைவர் ஒன்று வாங்குங்கள், கழன்ற ஸ்க்ரூ குழியிலிருந்து ஒட்டிக்கொண்டே வரும்.

பதில், ஓசூர் (டூல் ரூம் வேலை)

மழுங்கிய ஸ்க்ரூவின் தலையில், ப்ளஸ் காடிக்குப் பக்கத்தில் சின்னப் புள்ளி ஏதாவது குத்தியிருக்கிறதா, டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் அது பெரும்பாலும் ஜே.ஐ.எஸ்., அதாவது ஜப்பான் நாட்டுத் தர அளவில் செய்த ஸ்க்ரூ. புள்ளி இல்லை என்றாலும் பழைய ஜப்பான் சாமான் என்றால் அதுவாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நாம் ப்ளஸ் என்று சொல்வது 1936இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பிலிப்ஸ் வகை ஸ்க்ரூ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் பிலிப்ஸ் முனையில் நான்கு சிறகும் சேரும் மடிப்பு கொஞ்சம் உருண்டை. ஜப்பான் ஸ்க்ரூவின் காடி அந்த உருண்டைக்கு இடம் கொடுக்காது. முனை அடிவரை இறங்காமல் மேலேயே நிற்கும், பலம் கொடுத்ததும் ஏறிக் குதித்துவிடும். உங்கள் கையில் தப்பில்லை.

ஜே.ஐ.எஸ். என்று எழுதிய டிரைவராகப் பார்த்து வாங்குங்கள். பிலிப்ஸ் ஸ்க்ரூவுக்கும் அதையே போடலாம், அதனால் காசு வீணில்லை. பின்மூடிக்கு 2ஆம் எண், கம்பி 15 செ.மீ. நீளம் இருக்கட்டும். உள்ளே போர்டில் இருக்கும் சின்னவற்றுக்கு 1, 0. கடையில் "ஸ்டார்" என்று மட்டும் கேட்காதீர்கள். நம்ம ஊரில் ப்ளஸ்ஸுக்கும் அதே பேர், ஆறு முனை டார்க்ஸுக்கும் அதே பேர். இதனால் நானே ஒருமுறை தவறாக வாங்கி வந்திருக்கிறேன்.

இப்போதைக்கு, டூ வீலர் மெக்கானிக்கிடம் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கேட்டு முனையில் ஒரு பொட்டு வையுங்கள். அதிலுள்ள மணல் போன்ற துகள் வழுக்கலைப் பிடித்துக்கொள்ளும். கை பலத்தில் முக்கால் பங்கு கீழே அழுத்தவும், கால் பங்கு திருப்பவும் போகட்டும்.

பதில், கிருஷ்ணகிரி (பழைய ரேடியோ மெக்கானிக்)

ஓசூர் தம்பி சொன்னது சரி. காந்த டிரைவர் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பின்மூடிக்கு ஆகட்டும், கேசட் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். பாட்டைப் படிக்கும் ஹெட்டில் காந்த முனை பட்டால் ஹெட்டே காந்தமேறி, பாட்டோடு சேர்ந்து உஸ் என்று இரைச்சல் வரும்.

எத்தனை பேர் கழற்றத் தெரியாமல் பின்மூடியை உடைத்து என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்கள்! பேட்டரி போடும் குழிக்குள்ளும் கைப்பிடி மடங்கும் இடத்திலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். எல்லாம் கழன்றும் மூடி வரவில்லை என்றால் நெம்பாமல் மறுபடி தேடுங்கள். கரண்ட் வயரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியையும் எடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அட்டையில் மூடியின் படம் போட்டு, கழற்றிய ஸ்க்ரூவை அதே இடத்தில் குத்தி வையுங்கள், நீளம் மாறியிருக்கும்.

கேட்பவர், காரிமங்கலம்

புள்ளி இருக்கிறது! டார்ச் அடித்ததும் தெரிந்தது. டியூப் துண்டு அந்தக் குழிக்குள் சரியாக உட்காரவில்லை. பேஸ்ட் வைத்ததில் ஒன்று வந்துவிட்டது. இன்னொன்று அசையவே இல்லை.

பதில், ஓசூர்

அப்படியென்றால் ஜே.ஐ.எஸ். டிரைவர் கைக்கு வரும்வரை அதைத் தொடாதீர்கள். அதிலும் வரவில்லை என்றால் தலையை மட்டும் டிரில் போட்டு எடுத்துவிடலாம். மூடி கழன்றதும் மிச்சக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பிவிடலாம்.

கேட்பவர், காரிமங்கலம்

ஐந்து நாளில் டிரைவர் வந்தது. முனையை வைத்தபோதே டக்கென்று உட்கார்ந்தது, பேஸ்ட்டும் சேர்த்து வைத்ததால் டிரில் வேலை மிச்சம். அப்படியும் மூடி வரவில்லை. கிருஷ்ணகிரி ஐயா சொன்னபடி பார்த்தால் பேட்டரிக் குழிக்குள் ஏழாவது! பெல்ட் தார் மாதிரி உருகி சக்கரத்தோடு ஒட்டியிருக்கிறது. தொட்ட விரலில் கறுப்பு போகவே இல்லை.

பதில், கிருஷ்ணகிரி

சோப்புக்குப் போகாது. ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடையுங்கள், சக்கரக் காடியில் துளி இருந்தாலும் புது பெல்ட் வழுக்கும். மூடியைத் திருப்பிப் போடும்போது ஸ்க்ரூவை முதலில் கழற்றும் பக்கமாகவே மெல்லச் சுற்றுங்கள். பழைய மரையில் க்ளிக் என்று விழுந்தபிறகு முடுக்கினால் பிளாஸ்டிக் பிளக்காது.

கேட்பவர், காரிமங்கலம்

சரிங்க ஐயா. பெல்ட் அளவு எடுக்க நூலைச் சக்கரங்களைச் சுற்றி வைத்திருக்கிறேன். நூல் நீளத்தைவிட பெல்ட் எவ்வளவு குறைவாக வாங்க வேண்டும்?

பதில், கிருஷ்ணகிரி

5 சதவீதம் குறைத்துக் கேளுங்கள். ரொம்ப இறுக்கமாகப் போட்டால் மோட்டார் திணறும்.