மூணு கார்டுல ஒண்ணை மூடினா சிபில் ஸ்கோர் இறங்குமா?

கேடிசி_நகர்_மனை:
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். கையில மூணு கிரெடிட் கார்டு இருக்கு. தை பிறந்ததும் வீட்டு லோனுக்கு எழுதிக் கொடுக்கணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டை மூடிடலாமான்னு யோசனை.

முதல் கார்டு 2014-ல வாங்கினது, லிமிட் 40,000, வருஷக் கட்டணம் கிடையாது, சும்மாதான் கிடக்கு. ரெண்டாவது லிமிட் 1,50,000, வருஷத்துக்கு 2,500 போக ஜிஎஸ்டி. மூணாவது லிமிட் 60,000, கட்டணம் 499. இதுல ஃபிரிட்ஜ் இஎம்ஐ ஓடுது. எல்லாம் சேர்த்து மாசம் 45,000 வரை தேய்ப்போம், பில் வந்ததும் முழுசாக் கட்டிடுவோம். எதை மூடலாம், எதைத் தொடக் கூடாது?

பாளை_பேரேடு:
தம்பி, கார்டை மூடினதுக்குன்னு தனியா மார்க் குறைக்கிறதில்ல. மூடினதும் மொத்த லிமிட் சுருங்கும், செலவு அப்படியே நிக்கும். அடி விழுறது அங்கதான்.

உங்க கணக்கையே போடுங்க. மொத்த லிமிட் 2,50,000. அதுல 45,000 தேய்ச்சா பயன்பாடு 18 சதவீதம். மூணாவதை மூடினா லிமிட் 1,90,000, பயன்பாடு 24-ஐ ஒட்டி நிக்கும், பரவாயில்ல. கட்டணம் வலிக்குதுன்னு ரெண்டாவதை மூடினீங்கன்னா லிமிட் 1,00,000, பயன்பாடு 45 சதவீதம். ரெண்டையும் மூடிட்டு 40,000 லிமிட்டை மட்டும் வச்சுக்கிட்டா 45,000-க்கு இடமே கிடையாது. 30-ஐத் தாண்டாம வச்சுக்கிடுங்கன்னு சொல்லுதது பொது அளவுகோல்தான், சட்டம் இல்ல. ஆனா லோன் கேக்கப் போற நேரத்துல அந்தக் கோட்டுக்குக் கீழ நிக்கது நல்லது.

முழுசாக் கட்டிடுவோம்னு எழுதியிருக்கீங்க, நல்ல பழக்கம். ஆனா பேங்க் விவரம் அனுப்புற தேதியில கார்டுல என்ன பாக்கி நிக்குதோ அதுதான் சிபில் மாதிரி கிரெடிட் நிறுவனங்க வச்சிருக்க ரிப்போர்ட்ல ஏறும். பேங்குகள் குறைஞ்சது 15 நாளைக்கு ஒரு தடவை இந்த விவரத்தை அனுப்பணும்னு 2025 ஜனவரியில ரிசர்வ் பேங்க் விதி கொண்டு வந்துச்சு. அப்ப 15-ம் தேதியும் மாசக் கடைசியும் கணக்கு நாளா இருந்துச்சு, இப்ப எந்தெந்த நாள்னு பேங்க்ல கேட்டுக்கிடுங்க. அதனால லோன் எழுதிக் கொடுக்கதுக்கு முந்தின ஓரிரு மாசம் டியூ டேட் வரை காத்திருக்காம, ஒவ்வொரு கணக்கு நாளுக்கும் ரெண்டு மூணு நாள் முன்னாடியே பாக்கியை இறக்கி வச்சிருங்க. கார்டை மூடுறதால வர்ற எந்த லாபத்தையும் விட இது ஸ்கோருக்கு உதவும்.

ரெண்டாவது கார்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா வருஷம் 2,950 போகுது. மூடுதேன்னு சொல்லுததுக்கு முன்னாடி, கட்டணம் இல்லாத கார்டா மாத்தித் தருவீங்களான்னு கேளுங்க. மூடப் போறோம்னு தெரிஞ்சா அந்த வருஷக் கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணவும் முன்வருவாவ. மாத்தினா லிமிட் அதேதானா, பழைய கணக்கே தொடருமா, இல்ல புதுக் கணக்கு திறக்காவளான்னு கேட்டு மெயில்ல பதில் வாங்கிக்கிடுங்க.

தாமிரபரணி_கரை:
2014 கார்டைத் தொடவே தொடாதீங்க. அதை மூடினா 2014-ல இருந்து கட்டின ஹிஸ்டரி பூராவும் அன்னைக்கே அழிஞ்சிரும்.

பேட்டை_லெட்ஜர்:
தொடாதீங்கன்னு சொன்னது சரி, காரணம் சரியில்ல அண்ணாச்சி. மூடின கணக்கு ரிப்போர்ட்ல இருந்து அன்னைக்கே காணாமப் போகாது. திறந்த தேதி, மூடின தேதி, மாசவாரியாக் கட்டின விவரம் எல்லாத்தோடயும் வருஷக்கணக்கா நிக்கும். ஒழுங்கா கட்டி மூடினதும் நிக்கும், இழுத்தடிச்சு மூடினதும் நிக்கும். பாக்கி விழுந்த கார்டை மூடிட்டா கறை போயிரும்னு நினைக்கிறவங்களுக்கும் இதே பதில்தான். பழைய கார்டோட உபயோகம், அது செலவில்லாம 40,000 லிமிட்டைத் தாங்கிக்கிட்டு, ஓடுற கணக்குல வயசானதா நிக்குதே, அதுதான்.

அதைச் சும்மா போட்டு வைக்கவும் கூடாது. ஒரு வருஷத்துக்கு மேல தேய்க்காத கார்டை மூடுறதுக்கு பேங்கே நோட்டீஸ் அனுப்பலாம். 30 நாளுக்குள்ள பதில் இல்லேன்னா மூடிடுவாவ. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா மொபைல் ரீசார்ஜோ மின்வாரிய பில்லோ அதுல கட்டுங்க, போதும். நோட்டீஸ் வந்து சேரணும்னா பேங்க்ல பதிஞ்ச மொபைல் நம்பர் உங்க கையில இருக்க நம்பரா இருக்கணும், அதையும் சரி பாத்துக்கிடுங்க.

எப்ப மூடணும்ங்கிறதுதான் பலபேர் கோட்டை விடுத இடம். லோன் விண்ணப்பம் போய், சாங்ஷன் ஆகி, கட்டடம் எழும்ப எழும்பப் பணம் தவணையா வரும். நடுவுல பேங்க் இன்னொரு தடவை ரிப்போர்ட்டை எடுத்துப் பாக்கலாம். அதனால மூடுறதா இருந்தா இப்பவே மூடி, ரிப்போர்ட்ல ஏறினதைப் பாத்துட்டு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா கடைசித் தவணை கைக்கு வந்த பிறகு மூடுங்க. இடைப்பட்ட நாள்ல கடை வாசல்ல ஸ்டால் போட்டு ‘லைஃப்டைம் ஃப்ரீ’ன்னு கூப்பிடுதவங்ககிட்ட கையெழுத்தும் போடாதீங்க. ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்ல ஒரு விசாரணைப் பதிவா ஏறும்.

கேடிசி_நகர்_மனை:
ரொம்ப நன்றி. அப்ப மூணாவதை மட்டும் மூடலாம்னு முடிவு. கஸ்டமர் கேர்ல கூப்பிட்டு கார்டை பிளாக் பண்ணிட்டாப் போதுமா? ஃபிரிட்ஜ் இஎம்ஐ என்ன ஆகும்?

பேட்டை_லெட்ஜர்:
பிளாக் வேற, குளோஸ் வேற. பிளாக் பண்ணினா அட்டை மட்டும்தான் செத்துப்போகும். கணக்கு உயிரோட இருக்கும், வருஷக் கட்டணமும் விழும். கட்டாம விட்டா அதுக்கு லேட் ஃபீ, வட்டி, அப்புறம் ரிப்போர்ட்ல பாக்கி நாள் கணக்கு. நூத்துக்கும் கீழான பாக்கியில வீட்டு லோன் முட்டிக்கிட்டு நிக்கது இப்படித்தான். ‘கிரெடிட் கார்டு அக்கவுண்ட்டை மூடணும்’னு எழுத்துலயே கேளுங்க.

இஎம்ஐ ஓடுற கார்டை மூடினா மிச்ச அசல் மொத்தமும் ஒரே பில்லுல வந்து நிக்கும். முன்கூட்டி முடிக்கிற கட்டணமும் அதுக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் கூடவே வரும். மிச்சம் ரெண்டு மூணு தவணைதான்னா ஓட்டி முடிச்சிட்டே மூடுங்க.

கோரிக்கை கொடுக்கதுக்கு முன்னாடி ரிவார்டு பாயிண்ட்டை எடுத்துருங்க, மூடின பிறகு பெரும்பாலும் கிடைக்காது. அந்தக் கார்டுல இருந்து தானாப் போற இன்சூரன்ஸ் பிரீமியம், ஓடிடி, ஃபாஸ்டேக் எல்லாத்தையும் வேற கார்டுக்கு மாத்துங்க. பிரீமியம் தவறிப் பாலிசி காலாவதியானா ஸ்கோரை விடப் பெரிய நஷ்டம். பிறகு பில்லுல வந்த பாக்கியோட இன்னும் பில்லாகாத தொகையையும் கேட்டுக் கட்டுங்க. கட்டணத்தைத் தள்ளுபடி பண்ணியிருந்தா அதோட ஜிஎஸ்டியும் திரும்பிடுச்சான்னு பாருங்க. அந்தச் சில்லறைதான் பின்னாடி வளரும்.

பாக்கி எதுவும் இல்லேன்னா 7 வேலை நாளுக்குள்ள பேங்க் மூடியாகணும். தாண்டினா நாளொண்ணுக்கு 500 ரூபாய் உங்களுக்குக் கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2022-ல போட்ட விதி இருக்கு. தபால்லதான் அனுப்பணும்னு வற்புறுத்தவும் கூடாது. கோரிக்கை எண்ணையும் தேதியையும் குறிச்சு வைங்க. மூடின உறுதி வந்த பிறகு சிப்பும் காந்தப் பட்டையும் துண்டாகுற மாதிரி அட்டையை வெட்டுங்க, முன்னாடி வேண்டாம். பாக்கி எதுவும் இல்லன்னு பேங்க் தர்ற நோ டியூஸ் கடிதத்தை மெயில்ல வாங்கி பிரிண்ட் எடுத்து லோன் ஃபைல்ல வைங்க.

பாளை_பேரேடு:
ஒண்ணு மட்டும் சேர்த்துச் சொல்லுதேன். மூடின விவரம் 30 நாளுக்குள்ள கிரெடிட் நிறுவனங்களுக்குப் போயிரணும். அதனால ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுங்க. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். உங்க பேங்க் எதைப் பாக்கும்னு தெரியாது, நாலையும் எடுத்துருங்க. அந்தக் கார்டு வரியில பாக்கி 0, மூடின தேதி, நிலை ‘குளோஸ்டு’ன்னு இருக்கணும். ‘செட்டில்டு’ன்னு இருந்தா விட்டுறாதீங்க. பாதிப் பணம் வாங்கிக் கணக்கை முடிச்சாவன்னுதான் அதுக்கு அர்த்தம். முழுசாக் கட்டினவருக்கு அது வரவே கூடாது.

தப்பா இருந்தா அந்த நிறுவனத்தோட தளத்துலயே தப்புன்னு ஆட்சேபம் (டிஸ்ப்யூட்) போடுங்க, நோ டியூஸ் கடிதத்தைக் கைவசம் வச்சுக்கிட்டு பேங்குக்கும் எழுதுங்க. 30 நாளுக்குள்ள தீர்க்கலேன்னா அதுக்கு மேல நாளொண்ணுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பேங்க் பதிலே சொல்லாம 30 நாள் போயிட்டா ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேன்கிட்ட, அதாவது குறைதீர்க்கிற அதிகாரிகிட்ட, ஆன்லைன்ல புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது.