பேசும் டேப்லெட்டும் பீரோ சாவியும்: பள்ளியில் குழு அமைப்பது எப்படி?

கேள்வி: சிறப்பாசிரியர், கடலூர்
அனைவருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக ஐந்து பள்ளிகளைச் சுற்றிவரும் எனக்கு ஒரு பள்ளிக்கு வாரம் ஒரு நாள்தான் வாய்க்கிறது. மூளை முடக்குவாதத்தால் பேச்சு வராத நான்காம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு, படத்தைத் தொட்டால் தமிழில் பேசும் ஆவாஸ் செயலியோடு ஒரு டேப்லெட் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அது சார்ஜ் இறங்கித் தலைமையாசிரியர் அறை பீரோவில் கிடக்கிறது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற அச்சம்தான் காரணம்; அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. சிகிச்சை புதுச்சேரியில், பள்ளி கடலூரில் என்பதால் பேச்சுப் பயிற்சியாளர் அவளுடைய வகுப்பறையைப் பார்த்ததே இல்லை. இவர்களையெல்லாம் ஒரு குழுவாக இணைத்து நடத்தியவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள்.

பதில் 1: இயன்முறை மருத்துவர், புதுச்சேரி
உதவிக் கருவிகள் துறை வல்லுநர் ஜாய் சபாலா வகுத்த ‘செட்’ (SETT) என்ற முறையில் முதலில் மாணவர், அடுத்து சூழல், பிறகு அவர் செய்ய வேண்டிய வேலை, கடைசியில்தான் கருவி. நம் பக்கம் கருவி முதலில் வந்து இறங்கிவிடுகிறது. பிறகு அதற்கு வேலை தேடுகிறோம். முதல் கூட்டத்தில் டேப்லெட்டைப் பற்றிப் பேசாமல், அந்தப் பிள்ளை வருகைப் பதிவின்போது என்ன செய்கிறாள், கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் எப்படித் தெரிவிக்கிறாள் என்று வகுப்பாசிரியரைச் சொல்லச் சொல்லுங்கள். அவள் உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். கால் ஊன்றாமல் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது, விரலும் குறி தவறும். பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி டேப் சுற்றினால் கால்பலகை ஆயிற்று. பேச்சுப் பயிற்சியாளருக்கு வகுப்பறையைக் கைப்பேசியில் காணொளி அழைப்பில் காட்டினால் போதும், அவர் வர வேண்டியதில்லை.

பதில் 2: ஒரு தாய், நெல்லிக்குப்பம்
ஐயா சொல்வது சரி. ஆனால் குழுவில் யார் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. என் மகனின் செவித்துணைக் கருவி வகுப்பில் கீச்சென்று விசிலடித்ததால், தொந்தரவென்று அணைத்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை வளர்ந்ததில் காதுக்குள் பொருந்தும் பகுதியான காது அச்சு தளர்ந்துபோயிருந்தது. புதிய அச்சு எடுத்ததும் விசில் நின்றது. அதுவரை வகுப்பில் அவனுக்கு எதுவும் காதில் விழவில்லை. இதை முதலில் கவனித்து என்னிடம் சொன்னவர் சத்துணவுக்கூட ஆயாதான். அவரை எந்தக் கூட்டத்துக்கும் யாரும் அழைத்ததில்லை.

பதில் 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பண்ருட்டி
பீரோவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வரையறுத்த அளவுக்குக் குறைபாடுள்ள மாணவர்களுக்கு 18 வயது வரை உரிய உதவிக் கருவிகளை இலவசமாக வழங்குவதை அரசின் கடமையாக்குகிறது. ஆகவே அது அந்த மாணவியின் பயன்பாட்டுக்கான பொருள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, இருப்புப் பதிவேட்டில் ‘மாணவியின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வழங்கப்பட்டது’ என்று எழுதித் தாயாரிடம் கையொப்பம் வாங்குங்கள். தலைமையாசிரியரின் பயம் பெரும்பாலும் காகிதத்தில்தான் தீரும். நானும் அப்படித்தான் இருந்தேன். இரவில் சார்ஜ் போடுவது யார், நீங்கள் வராத நாளில் எடுத்துக் கொடுப்பது யார் என்பதையும் பெயரோடு எழுதிவிடுங்கள்.

சிறப்பாசிரியர், கடலூர்
மூவருக்கும் நன்றி. அம்மா, எங்கள் பள்ளி ஆயாவை இதுவரை நானும் அழைத்ததில்லை. வியாழக்கிழமை தீர்மான நகலோடு போகிறேன்; கால்பலகைக்குப் புத்தகங்கள் கட்டிவிட்டேன்.