3 சென்டிமீட்டர் மர வட்டத்துல கஜேந்திர மோட்சம் அடங்க மாட்டேங்குது. யோசனை சொல்லுங்க

நீலத்தோகை:

எல்லாருக்கும் வணக்கம். மர வட்டங்கள்ல அக்ரிலிக் பெயின்ட்டால புராணக் கதை, நாட்டுப்புறக் கதை வரைஞ்சு காதணியும் பதக்கமும் செய்றேன். வரையுறது பழக்கம்தான். இவ்வளவு சின்ன இடத்துல வரையுறதுதான் புதுசு. ரெண்டு இடத்துல திணறுறேன்.

ஒண்ணு, கதை. 3 சென்டிமீட்டர் வட்டத்துல கஜேந்திர மோட்சம் வரைஞ்சேன். யானை, முதலை, தாமரைக் குளம், மேலே கருடன்மேல திருமால். கையில வச்சுப் பார்த்தா எல்லாமே இருக்கு. காதுல மாட்டினா எதிர்ல நிக்கிறவங்க "பூ டிசைனா?"ன்னு கேக்கறாங்க. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

இன்னொண்ணு, மேல்பூச்சு. வார்னிஷ் காஞ்ச மாதிரிதான் தெரியுது. பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சு எடுத்தா ஒட்டிக்குது, பிரிச்சா அச்சு விழுந்திருக்கு. எதை மாத்தணும்?

கருந்தூரிகை:

நீலத்தோகை, நீங்க காட்சியை வரையுறீங்க. நகைக்கு ஓர் அடையாளம் போதும். இந்த ஒரு விஷயத்துல நான் ரொம்பப் பிடிவாதம்.

சங்க காலத்துலேயே குழந்தைகளுக்கு ஐம்படைத்தாலி போட்டிருக்காங்க. திருமாலோட அஞ்சு ஆயுதங்கள்: சங்கு, சக்கரம், தண்டு, வாள், வில். அதுல திருமால் உருவமே கிடையாது. ஆனா பார்க்கிறவங்களுக்கு அவர்தான் நினைவுக்கு வருவார். கிரேக்கர்கள், பார்த்தவங்களைக் கல்லாக்குற மெதூசாவோட கதை முழுசையும் பதக்கத்துல கொண்டுவரப் பார்க்கல, நேரா முறைக்கிற அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. எகிப்துல ஹோரஸ்ங்கிற தெய்வத்தோட கண். இதெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷமா உடம்புல போட்டுப் பார்த்துத் தேறின உருவங்கள்.

கஜேந்திர மோட்சத்துக்கு என்னைக் கேட்டா, தண்ணிக்கு மேல தூக்கின தும்பிக்கை, நுனியில ஒரு தாமரை. அவ்வளவுதான். தும்பிக்கை வளைவு வட்டத்துல உக்காராது, நீளமான சொட்டு வடிவ மரத்துண்டு எடுங்க. கதையைப் பார்த்து மரத்தோட வடிவத்தை முடிவு பண்ணுங்க, கையில இருக்கிற வட்டத்துக்குள்ள கதையைத் திணிக்காதீங்க. இன்னொரு காதுக்கு முதலையோட திறந்த வாய். நடுவுல கழுத்துல சக்கரம். மூணும் சேர்ந்து ஒரு ஆள்மேல இருக்கும்போது கதை தானா நடக்குது.

காதணி ஜோடியா வர்றது நமக்குக் கிடைச்ச பெரிய வரம். ரெண்டுலயும் ஒரே படம் வரைஞ்சு அதை வீணாக்குறவங்களைப் பார்த்தா எனக்கு ஆதங்கமா இருக்கும். சங்கப் பாடல்கள்ல வர்ற அசுணமாங்கிற விலங்கோட கதை இருக்கில்ல, அது யாழிசையில மயங்கும், பறை ஒலி கேட்டா உயிரை விட்டுடும். ஒரு காதுல யாழ், மறு காதுல பறை. கண்ணகி கதையா, ஒரு காதுல உடைஞ்ச சிலம்பு, மறு காதுல தெறிச்ச மாணிக்கம், ஒரே ஒரு சிவப்புக் கல். பாண்டிமாதேவி சிலம்புல இருந்தது முத்து, அதனால சிவப்பைப் பார்த்த உடனே தீர்ப்பு என்னன்னு தெரிஞ்சுடும்.

பின்னணிக்குக் கறுப்பை முயற்சி பண்ணுங்க. ரஷ்யாவுல பலேக்னு ஒரு ஊர். தலைமுறை தலைமுறையா தேவாலயத்துக்குப் புனிதர் படம் தீட்டினவங்க. 1917 புரட்சிக்குப் பிறகு அந்த வேலை போச்சு. 1924-ல சங்கமாச் சேர்ந்து, காகிதக்கூழ்ப் பெட்டிகள்மேல நாடோடிக் கதைகளை வரைய ஆரம்பிச்சாங்க. தளம் முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பே வானம், அதுவே காடு, அதுவே தண்ணி, தனியா எதுவும் வரைய வேண்டாம். ஆனா கறுப்புமேல நேரா வண்ணம் வச்சா அமுங்கிப் போகும். அதனால உருவம் வர்ற இடத்துல மட்டும் முதல்ல வெள்ளை வச்சு, அதுக்கு மேல வண்ணம் ஏத்துவாங்க. தங்கக் கோடுகளை ஓநாய்ப் பல்லால தேய்ச்சு மெருகேத்துற வழக்கமும் உண்டு. நமக்குப் பல் வேண்டாம், அந்த வெள்ளை அடித்தளம் வேணும்.

தூரிகை பத்தி ஒரு வார்த்தை. எல்லாரும் ரொம்ப மெல்லிசான 000 நம்பர் வாங்கச் சொல்வாங்க. அதுல வண்ணம் ரெண்டு கோட்டுக்குள்ள காஞ்சுடும். நுனி கூர்மையா நிக்கிற 1-ஆம் நம்பர் வட்டத் தூரிகை அதைவிட மேல், வயித்துல நிறைய வண்ணம் பிடிக்கும். வண்ணத்தை மை பதத்துக்கு நீர்க்க விட்டு, நுனியைத் தட்டுல உருட்டிக் கூராக்கிட்டு இழுங்க. மரத்துண்டை ஒரு குச்சி முனையில இருபக்க டேப்பால ஒட்டிக்கிட்டா, வளைவு வரும்போது கையை நகர்த்தாம குச்சியைத் திருப்பலாம். கோடு நடுங்காது.

முடிச்சதும் போன்ல படம் எடுத்து, விரல் நகம் அளவுக்குச் சின்னதாக்கிப் பாருங்க. அப்பவும் என்னன்னு தெரிஞ்சா சரி.

மரத்தூள்:

மேல்பூச்சுக்கு நான் சொல்றேன். கைவினைக் கடை அக்ரிலிக் வார்னிஷ்ல பல வகை காஞ்ச பிறகும் மென்மையாவே இருக்கும். சூடும் ஈரப்பதமும் சேர்ந்தா பிசுபிசுக்கும். தண்ணி அடிப்படையிலான (water-based) பாலியுரித்தேன் வார்னிஷ் இதைவிட இறுகும். கண்ணாடி மாதிரி வரணும்னு ஒரே தடவையில கனமா ஊத்தாதீங்க, மெல்லிசா மூணு நாலு பூச்சு, ஒவ்வொண்ணும் நல்லாக் காஞ்ச பிறகு அடுத்தது. அதுக்கு முன்னாடி அடியில இருக்கிற வண்ணமும் முழுசாக் காஞ்சிருக்கணும். உறையில போடுறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது தொங்கவிடுங்க. உறையும் பிளாஸ்டிக் வேண்டாம், துணிப்பை நல்லது.

பலர் விட்டுடுற இடம் துளை. துளையை முதல்லயே போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, துளையோட உள்சுவர், விளிம்பு, பின்பக்கம் எல்லாத்துக்கும் பூச்சு கொடுக்கணும். இல்லேன்னா ஈரம் அந்த வழியா நுழைஞ்சு மரம் உப்பும், முன்பக்க ஓவியம் வெடிக்கும். மரநாரை அழுத்திச் செய்ற எம்டிஎஃப் பலகைன்னா இன்னும் மோசம். தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கோங்க.

வாங்குறவங்ககிட்ட, சென்ட் அடிச்சு அது காஞ்ச பிறகு நகையைப் போடச் சொல்லுங்க. அதுல இருக்கிற ஆல்கஹால் அக்ரிலிக்கை இளக்கிடும்.

வெண்கோடு:

கருந்தூரிகை சொன்ன அடையாள முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. இன்றும் மக்கள் கும்பிடும் தெய்வத்தின் முகத்தைக் கொலுசிலோ மெட்டியிலோ வரைந்தால் பலருக்கு மனம் நோகும். வேல், மயில்பீலி, தாமரை என்று போனால் அந்தச் சங்கடம் குறையும். நமக்குப் பழக்கமில்லாத பழங்குடியினரின் சின்னங்களைத் தொடும்போது இன்னும் கவனம் வேண்டும். அவர்களுக்குள்ளேயே சிலர் மட்டும் அணிய உரிமையுள்ள சின்னங்கள் உண்டு. அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்துவிடக் கூடாது.

நீலத்தோகை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. துளைக்குள்ள பூச்சு கொடுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. கருந்தூரிகை, அந்த மாணிக்கம் என்னை விடவே மாட்டேங்குது. தட்டையான மரத்துல சிவப்பு வட்டம் வரைஞ்சா குங்குமப் பொட்டு மாதிரி நிக்குது. கல்லுன்னு எப்படித் தெரிய வைக்கிறது?

கருந்தூரிகை:

அடியில வெள்ளை வையுங்க, இல்லேன்னா வெள்ளி நிறம். அதுமேல ஒளி ஊடுருவுற சிவப்பைக் கண்ணாடித்தாள் போல மெல்லிசா, ஒண்ணுமேல ஒண்ணா ஏத்துங்க. கெட்டியான சிவப்பு எடுத்தா பொட்டுதான் வரும்.

ஒளி இடது மேல்பக்கத்திலிருந்து வருதுன்னு வச்சுக்கோங்க. கல்லுல அந்த மேல்பக்கம்தான் இருட்டா இருக்கணும், கொஞ்சம் கறுஞ்சிவப்பு. ஒளி கல்லுக்குள்ள புகுந்து எதிர்ப்பக்கம் போய்த் தேங்கும், அதனால வலது கீழ் விளிம்புல பிறை வடிவத்துல வெளிர் சிவப்பு, கொஞ்சம் ஆரஞ்சு கலந்து. கடைசியா, இருட்டான மேல்பக்கத்துல கூர்மையா ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் தேய்க்காதீங்க, மழுங்கினா பளபளப்பு போயிடும். கல்லைச் சுத்தி மெல்லிசா ஒரு கறுப்பு நிழல் விட்டா, மரத்துல பதிச்ச மாதிரி நிக்கும்.