கூடுதல் பணம் வந்தால் படுக்கைக்கா, ஊர் ஊராகப் போகும் குழுவுக்கா? (கடலூர் – புதுச்சேரி மனநல விவாதம்)

திருப்பாப்புலியூர் குமரன்:
மனநலத்துக்கென்று நம்ம வட்டாரத்துக்குக் கூடுதலாக ஒரு தொகை ஒதுக்கினால் முதலில் எதில் போடுவது? வீடு வாசல் இல்லாமல் அலைகிறவர்களைச் சேர்க்க மீட்புப் படுக்கைகளிலா, ஒன்றியம் ஒன்றியமாகப் போகும் சிகிச்சைக் குழுவிலா? நான் படுக்கைக் கட்சி. புதுக்கோட்டை, தேனி மாதிரி மாவட்டங்களில் அரசு மருத்துவமனையோடு சேர்த்து 50 படுக்கை அவசர சிகிச்சை, மீட்பு மையம் என்று ஆரம்பித்தார்களே, அந்த ஏற்பாடுதான் சரி.

ரோட்டில் உளறிக்கொண்டு திரிகிறவர் எல்லாம் மனநோயாளி கிடையாது. சர்க்கரை இறங்கியிருக்கலாம். விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். மூளைக் காய்ச்சலாக இருக்கலாம். குடியை நிறுத்தி இரண்டு மூன்று நாள் ஆனவருக்கு வரும் நடுக்கமும் பிரமையும் பார்க்க மனச்சிதைவு மாதிரியே இருக்கும், கவனிக்காவிட்டால் உயிர் போகும். அதனால் முதலில் விரல் குத்திச் சர்க்கரை, பிறகு காய்ச்சல், நாடி, தலைக்காயம். குடிக்கிறவர், பட்டினி கிடந்தவர் என்றால் குளுக்கோஸ் ஏற்றும் முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஊசி. இந்த வரிசை மாறினால் மூளைக்குச் சேதம் வரலாம். அப்புறம் ரத்தசோகை, நெஞ்சு எக்ஸ்ரே, சொறி சிரங்கு, புழு வைத்த புண். பெண் என்றால் கர்ப்பப் பரிசோதனை. நாள்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கி இதயம் தடுமாறும். இத்தனையும் பார்த்த பிறகுதான் மனநோய் மருந்தான ரிஸ்பெரிடோன் 1 மில்லிகிராமா 2 மில்லிகிராமா என்ற பேச்சு. இதையெல்லாம் பிளாட்பாரத்தில் வைத்தா செய்வீர்கள்?

வில்லியனூர் செல்வி:
குமரன் அண்ணே, நீங்க எழுதின பட்டியலில் முக்கால்வாசி பொது மருத்துவ வார்டு வேலை. அதுக்கு எதுக்குத் தனிக் கட்டடம்?

கணக்குப் பாருங்க. 50 படுக்கை, ஒருவருக்குச் சராசரியாக நாலு மாசம் என்று வைத்தால் வருஷத்துக்கு 150 பேர். முகவரி கிடைக்காதவர், கிடைத்தும் வீட்டார் ஏற்காதவர் என்று 20 பேர் உள்ளேயே தங்கிவிட்டால் மிச்சம் 30 படுக்கை, வருஷத்துக்கு 90 பேர். தங்கினவர்கள் 40 ஆனால் வெறும் 30 பேர். பலகையில் மீட்பு மையம், உள்ளே நிரந்தர விடுதி. மருந்தும் டாக்டரும் இருந்தும் இப்படி ஆகும், ஏனென்றால் வெளியே அனுப்பினால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அந்த ஆளை முதலில் போடுங்க என்கிறேன்.

சட்டம் சரவணன்:
இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 100-ஆம் பிரிவுப்படி, அலைந்து திரிகிறவரைப் பாதுகாப்பில் எடுத்த போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று எப்.ஐ.ஆர். போட்டுக் குடும்பத்தைத் தேடுவது ஸ்டேஷன் பொறுப்பு. ‘அருகில் உள்ள’ என்றுதான் சட்டத்தில் இருக்கிறது, மனநல மருத்துவமனை என்று இல்லை. ஆக முதல் வாசல் ஜி.எச். கேஷுவாலிட்டிதான்.

திருப்பாப்புலியூர் குமரன்:
சட்டம் சரி சார். நடைமுறையில் பொது வார்டில் முதலில் கேட்பது ‘அட்டெண்டர் யாரு?’ என்பதுதான். கூட ஆள் இல்லாதவரைச் சேர்க்கவே யோசிப்பார்கள். சேர்த்தாலும் ராத்திரி எழுந்து நடந்துவிட்டால் பணியில் இருக்கும் நர்ஸுக்கு மெமோ. பக்கத்துப் படுக்கைக்காரர் சண்டைக்கு வருவார். மறுநாள் காலையில் ‘சொல்லாமல் சென்றார்’ என்று எழுதிக் கேஸ் ஷீட்டை மூடுவார்கள். தனி இடம் கேட்பது இதற்காகத்தான்.

சட்டம் சரவணன்:
கூட ஆள் இல்லாததற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 14-ஆம் பிரிவில் நியமனப் பிரதிநிதி, அதாவது நோயாளி சார்பில் நிற்கும் ஆள். பொருத்தமானவர் யாருமே இல்லை என்றால் சமூக நலத்துறை இயக்குநரோ அவர் குறிக்கும் அலுவலரோ அந்த இடத்தில் நிற்பார். அதுவரைக்கும் தற்காலிகமாகத் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் நிற்கலாம். செய்ய வேண்டியது ஒரு காகித வேலை: அலுவலர் பெயரும் போன் நம்பரும் போட்ட உத்தரவை முன்கூட்டியே வாங்கிக் கேஷுவாலிட்டி மேஜையில் ஒட்டி வைப்பது. ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தேட ஆரம்பித்தால் ஆள் மறுபடி ரோட்டில்தான்.

இன்னொன்று. சம்மதம் தரும் நிலையில் இல்லாதவரை 89-ஆம் பிரிவில் 30 நாள் வரைதான் வைக்கலாம். பெண், சிறார் என்றால் 3 நாளில், மற்றவர்கள் என்றால் 7 நாளில், இப்படிச் சேர்ப்பதைச் சரிபார்க்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் 90-ஆம் பிரிவு, வாரியத்தின் அனுமதி வேண்டும். செல்வி அவர்கள் சொல்லும் ‘நாலு மாசச் சராசரி’ தானாக ஓடாது, பேப்பர் பேப்பராக நியாயப்படுத்த வேண்டும்.

நெல்லிக்குப்பம் ஷாஜகான்:
எல்லாரும் ரோட்டில் இருப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் ரோட்டுக்கு வருவதற்கு முந்தின இரண்டு மூன்று வருஷம் வீட்டில்தானே இருந்தார்? அங்கே என்ன தப்பாகப் போகிறது என்று யாரும் எழுதவில்லை, எழுதுகிறேன்.

முதல் தப்பு, மாத்திரையைச் சோற்றில் கலப்பது. நோயே சந்தேக நோய். ‘சாப்பாட்டில் என்னவோ கலக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டிருப்பவர் ஒருநாள் ரசத்தில் வெள்ளைத் தூளைப் பார்த்துவிட்டால் முடிந்தது. வீட்டுச் சாப்பாட்டையே தொட மாட்டார்.

இரண்டாவது, ஊசி போட்ட பிறகு வரும் தசை இழுப்பு. ஹாலோபெரிடால், ஃப்ளூஃபெனசின் மாதிரி மனநோய் ஊசிக்கு அப்புறம் முதல் சில நாளில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். இளவயது ஆண்களுக்கு அதிகம். வீட்டில் வலிப்பு என்பார்கள், இல்லை காத்து கருப்பு என்பார்கள். ப்ரோமெதசின் ஊசி ஒன்று போட்டால் அரை மணியில் சரியாகிவிடும். போடும் நாளிலேயே ‘இப்படி வரலாம், வந்தால் பயப்படாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்க’ என்று வாயால் சொல்லி, டிரைஹெக்சிஃபெனிடில் 2 மில்லிகிராம் மாத்திரையும் கையில் கொடுத்தால் போதும். சொல்லாமல் அனுப்பினால் அந்தக் குடும்பம் ஓ.பி. பக்கமே திரும்பாது. அடுத்து தர்கா, அப்புறம் கோயில், அப்புறம் சங்கிலி.

இதற்கெல்லாம் படுக்கை தேவையா? ஊருக்குள் வரும் ஒரு செவிலியர் தேவை.

பாகூர் தமிழ்:
ஷாஜகான் பாய் சொன்னதோடு எல்லைத் தகராறையும் சேருங்கள். முள்ளோடை, கன்னியக்கோயிலைத் தாண்டினால் ஆட்சியே வேறு. கடலூர்க்காரர் புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையில் சேர்ந்து தேறி ஊர் திரும்புகிறார். சீட்டில் இருக்கும் மருந்து கடலூர் ஜி.எச். மருந்தகத்தில் இல்லை, அல்லது வேறு அளவில் இருக்கிறது. அங்கே வாங்குவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகப் பட்டியலில் இருந்து. மருந்தாளுநர் தருவதை வாங்கிக்கொண்டு போய் 10 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராம் போட்டு நோய் திரும்பிய பிறகு ‘ஜிப்மர் மருந்து கேட்கலை’ என்பார்கள். டிஸ்சார்ஜுக்கு முன்பே கம்பெனி பெயரில் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரில் எழுதச் சொல்லி, அது சொந்த மாவட்டத்தில் கிடைக்குமா என்று மாவட்ட மனநலத் திட்டத்துக்கு ஒரு போன் போட்டால் தீரும் விஷயம்.

பையன்கள், பெண்பிள்ளைகள் விஷயத்தில் நான் குமரன் அண்ணனுக்கு நேர் எதிர். 15 வயதில் ராத்திரி தூங்காமல், குளிக்காமல், போன் கேமராவை டேப் ஒட்டி மூடி, ‘என்னைப் பார்க்கிறார்கள்’ என்று சொல்லும் பிள்ளைக்கு ஒவ்வொரு மாதத் தாமதமும் கேடு. அந்தப் பிள்ளையைப் பெரியவர்கள் வார்டில் போடவே கூடாது. 87-ஆம் பிரிவுப்படி தனி இடம், கூடவே முழு நேரமும் நியமனப் பிரதிநிதி அல்லது அவர் நியமிக்கும் ஆள். அதைவிட, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு அறை, ‘மனநலம்’ என்று பலகை மாட்டாமல். போனில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416 இருக்கிறது, 24 மணி நேரமும், தமிழிலும். ஆனால் போனில் பேசிய பிள்ளையை நேரில் பார்க்க அடுத்த படி எங்கே?

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களுக்குச் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. சென்னையும் ஒரு களமாக இருந்து 2008-ல் வெளிவந்த உலக சுகாதார நிறுவன ஆய்வில் டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 1, 2, 4, 7, 11-ஆம் வாரங்களிலும் 4, 6, 12, 18-ஆம் மாதங்களிலும் போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். தற்கொலைச் சாவு அந்தப் பிரிவில் 0.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 2.2. இதற்கு ஒரு நோட்டும் ஒரு போனும் போதும். 115-ஆம் பிரிவில் முயற்சி செய்தவருக்குத் தண்டனை இல்லை என்பதையும் கேஷுவாலிட்டியிலேயே சொல்லிவிட வேண்டும். கேஸ் ஆகும் என்று பயந்துதான் தப்பு நம்பர் தருகிறார்கள்.

திருப்பாப்புலியூர் குமரன்:
குழு, குழு என்கிறீர்கள். மாவட்டத் திட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவர். மாசத்துக்கு 22 வேலை நாள். ஜி.எச். ஓ.பி., சான்றிதழ் முகாம், கோர்ட், மீட்டிங் போக எத்தனை நாள் மிஞ்சும்? திட்டக்குடி பக்கத்துக்காரருக்கு விருத்தாசலத்தில் பஸ் மாறிக் கடலூர் வந்து திரும்ப ஒரு நாள் கூலி போகும், கூட வருபவருக்கும் சேர்த்தால் இரண்டு கூலி. உங்கள் குழு அங்கே மாசத்துக்கு ஒருதரம் போகும். அந்த ஒரு நாளும் மழையில் போனால்?

வில்லியனூர் செல்வி:
மருத்துவர் மாசாமாசம் போக வேண்டியதில்லை அண்ணே. நிலையாக இருப்பவருக்கு மூன்று மாசத்துக்கு ஒருதரம் அவர் பார்த்தால் போதும். ஹாலோபெரிடால் டெக்கனோயேட் நல்லெண்ணெயில் கரைத்த ஊசி மருந்து, நாலு வாரத்துக்கு ஒருதரம். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரே போடலாம். 21 கேஜ் ஊசி, காய்ந்ததாக இருக்கணும், தோலை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து இடுப்புச் சதையில் ஆழமாக மெதுவாக ஏற்றணும், தேய்க்கக் கூடாது. சன்ன ஊசியில் எண்ணெய் இறங்காது, அவசரப்பட்டால் கட்டி விழும்.

முக்கியம் நோட்டு. ஒவ்வொருவருக்கும் அடுத்த ஊசித் தேதி. தேதி தாண்டி மூன்றாம் நாள் போன், ஏழாம் நாள் வீட்டுக்கு ஆள். தவறினவர் பட்டியல்தான் குழுவின் உண்மையான வேலை, வந்தவர் எண்ணிக்கை இல்லை. மாசக் கடைசி ரிப்போர்ட்டில் பார்த்தால் எல்லாரும் வந்தவரைத்தான் எண்ணுகிறார்கள், அதனால்தான் நீங்க சொல்ற மழைநாள் தலைவலி.

தேவனாம்பட்டினம் பாஸ்கர்:
இவ்வளவு பேச்சு எதற்கு? ஆசிரமம் நடத்துகிறவர்கள் முடி வெட்டிக் குளிப்பாட்டிக் கூட்டிப் போகிறார்கள், வீடியோவே இருக்கிறது.

சட்டம் சரவணன்:
வீடியோ இருப்பதுதான் முதல் கோளாறு. 24-ஆம் பிரிவுப்படி சிகிச்சையில் இருப்பவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது. எந்தப் பெயரில் நடத்தினாலும் மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பார்க்கும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் போனார்களே, அதுவும் ‘இல்லம்’தான். இப்போதைய சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் அனுமதிக்கவில்லை.

திருப்பாப்புலியூர் குமரன்:
சரி, தேறின பிறகு வீடு இல்லாதவர்? இந்தியோ வங்காளமோ பேசுகிறவர் கடலூர் துறைமுக ஜங்ஷனில் இறங்கியிருப்பார். உங்கள் செவிலியர் எந்த வீட்டுக்குப் போவார்?

வில்லியனூர் செல்வி:
ஊர்ப் பேர் கேட்டால் சொல்லத் தெரியாதவர்கூடப் பக்கத்து ரயில் நிலையம், ஆறு, சந்தை, கோயில் திருவிழா கேட்டால் சொல்வார். அதை வைத்து அந்த ஊர் ஸ்டேஷனுக்குப் பேசலாம். புது ஆதார் பதியப் போய் நிராகரிக்கப்பட்டால் பழைய ஆதார் இருக்கலாம் என்று அர்த்தம், அதுவும் ஒரு துப்பு. அனுப்பும்போது 30 நாள் மாத்திரை, அந்த மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு கடிதம்.

ஒன்றும் கிடைக்காதவர்களுக்கு பேன்யன் என்ற மனநலத் தொண்டு அமைப்பு செய்வது போல நாலைந்து பேருக்கு ஒரு வாடகை வீடு, சாதாரணத் தெருவில். 19-ஆம் பிரிவே அரசு இதைச் செய்யணும் என்கிறது. அட்வான்ஸ் யார் பேரில், வாடகை ஒப்பந்தம் யார் பேரில் என்று எழுதாமல் இறங்கினால் பதினோராம் மாசம் காலி செய்யச் சொல்வார்கள். பக்கத்து வீட்டாரிடம் குடி போகும் முன்னால் பேசணும்.

திருப்பாப்புலியூர் குமரன்:
நாலு வாடகை வீடு என்றால் 20 பேர். அப்படியானால் படுக்கையை 50-லிருந்து 20-க்குக் குறைக்கச் சம்மதம், அதற்குக் கீழே இறங்க மாட்டேன். மூன்று ஷிப்டுக்கும் லீவுக்கும் சேர்த்துக் குறைந்தது ஐந்து செவிலியர், 20 படுக்கையானாலும் 10 படுக்கையானாலும் அதே ஐந்து பேர்தான்.

வில்லியனூர் செல்வி:
20-க்கு நான் கையெழுத்துப் போடுறேன், அந்த ஐந்து பேருக்கு மேல் ஊசி நோட்டுக்கென்று தனியாக இரண்டு பேர் போட்டால். அந்த 20-ல் பெண்களுக்கு எத்தனை? தனிக் கழிப்பறையும் ராத்திரியில் பெண் பணியாளரும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் எழுதாதீங்க.